வீட்டுக்கு ஒரு ஜெபம், லயத்துக்கு ஒரு ஜெபம்

பதுளை,
1913 பெப்ரவரி 10

கர்த்தருக்குள் பிரியமான மகள் லோவிசாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் பதுளையில் பனி அதிகம், அதனால்தான் இருமல். உன் சுகம் தெரிந்து ஐந்து வாரமாகிறது. ஊசிப்பாறைத் தோட்டத்துத் தபால்காரன் தினமும் கொஸ்லந்தைக்கு இறங்குகிறான் என்று நீதான் எழுதியிருந்தாய். அவன் இறங்குகிறான், உன் கடிதம்தான் இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது? பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்? கருப்பம்மா எப்படி இருக்கிறாள்? அக்டோபரில் நான் அங்கே வந்து அவளுக்கும் அவள் மகன் மாரிசாமிக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததை இன்னும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். இருவர் கையிலும் இருந்த தாயத்தை நானே கத்தரித்தேன். புருஷன் மாடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவனும் ஒரு நாள் வருவான்.

தோட்ட ஊழியத்தைப் பற்றி மிஷன் செக்ரட்டரி துரை ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிப் பெண்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பு. குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இருமல் வராமல் பார்த்துக்கொள்.

உனக்காக ஜெபிக்கும்,
அப்பா
அருமைநாயகம் ஐயர்

---

ஊசிப்பாறைத் தோட்டம்,
1913 பெப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு லோவிசா எழுதுவது.

நான் சுகம். சட்டை கிடைத்தது, அளவு சரி.

பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தொரு பிள்ளைகள் வருகிறார்கள். முன்பு முப்பத்திரண்டு. மாரிசாமி ஜனவரி பன்னிரண்டாம் தேதி தொண்டை அடைத்துச் செத்துப்போனான். கருப்பம்மா உபவாசம் இருக்கிறாள்.

அறிக்கைக்கு நீங்களே ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள்.

லோவிசா

---

பதுளை,
1913 பெப்ரவரி 24

என் அருமை மகளே, சமாதானம் உன்னோடிருப்பதாக.

உன் கடிதம் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் சில்லென்று பட்டதும் அவன் சிரித்த சிரிப்பு கண்ணிலேயே நிற்கிறது. இதற்கெல்லாம் காரணம் சொல்ல மனுஷனால் முடியாது, சொல்ல முயலவும் கூடாது.

ஆனால் கருப்பம்மா இந்தத் துக்கத்திலும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாசம் இருக்கிறாள் என்று படித்தபோது என் கண் கலங்கிவிட்டது. படித்த குடும்பங்களில் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காண்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பெண்கள் அழுதார்கள். அறிக்கையிலும் சேர்த்திருக்கிறேன்.

உன் கடிதத்தில் ஸ்தோத்திரம் என்ற சொல் இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிறேன். உனக்கு ஏதாவது வேண்டுமானால் எழுது.

அப்பா

---

ஊசிப்பாறைத் தோட்டம்,
1913 மார்ச் 1

அப்பாவுக்கு லோவிசா எழுதுவது.

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்திருக்குமென்று நினைக்கிறேன். அவசரத்தில் எதுவும் விட்டுப்போகவில்லை.

நீங்கள் பிரசங்கத்தில் வைத்த கதையின் மீதியைக் கேளுங்கள். ஜனவரி பத்து, வெள்ளிக்கிழமை மத்தியானம். மாரிசாமிக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பெரகலக் கடை மர்ஸூக் நானாவின் மாட்டுவண்டி தோட்டத்துக்கு அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டி போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. மாடசாமி ஓடிப்போய் வண்டியை மறித்தான். "புள்ளையத் தூக்கிட்டு வாங்க, சாக்கு மேல படுக்கப் போடலாம்" என்று நானா சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கருப்பம்மா பிள்ளையை முதலில் என்னிடம் தூக்கி வந்தாள். நான் தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். லயத்தில் ஜெபிக்கும்போது சத்தமாக, உறுதியாக, சுகம் கிடைத்தே தீரும் என்பதுபோல ஜெபிக்க வேண்டுமென்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே ஜெபித்தேன். ஆமென் சொன்னேன். நம் வீட்டில் ஆமெனுக்கு முன்னும் பின்னும் மருந்து உண்டு. அதனால் அவள் வண்டியில் ஏறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அவள் ஏறவில்லை. புருஷனிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "தாயத்த வெட்டுறப்ப ஐயரு என்ன சொன்னாரு? இனிமே ஒரே வாசல், ரெண்டு வாசல்ல நிக்காதேன்னு சொன்னாரு. சாமிகிட்ட கேட்டுப்புட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா, அது திரும்பத் தாயத்துக் கட்டுறதுதானே?" வண்டி காலியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பிள்ளை செத்துப்போனான். ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இருந்ததாம். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று திங்கட்கிழமை மருந்தையா வந்து சொன்னார்.

அப்பா, எனக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் முதலில் எதைத் தேடினீர்கள்? டாக்டர் கொடுத்த புட்டியை. ஜெபம் வானத்தைத் திருப்புவதற்கு இல்லை, நம் மனதைத் திருப்புவதற்குத்தான் என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள்? யோனாவை மீன் விழுங்கியது கதை என்றீர்கள். நரகத்தில் நெருப்பு இல்லை என்றீர்கள். கேள்வி கேள், கேள்வி கேள் என்று என்னை வளர்த்தீர்கள். மற்ற ஐயர்மாரின் பிள்ளைகள் பயந்து நடுங்கியபோது நான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் அப்பாவைப்போல் உண்டா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தப் பாடத்தைக் கருப்பம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை? நமக்கு ஒரு கடவுள், லயத்துக்கு வேறொரு கடவுளா? நம் கடவுள் மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர், அவள் கடவுள் தாயத்துக்குப் பதில் கட்டிவிட்ட தாயத்து. அப்படித்தானே?

அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வாள், சொல்வாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறேன். வண்டி மணிச்சத்தத்தோடு இறங்கியபோது அவள் லயத்து ஓரம் வரை ஓடிப்போய் அதைப் பார்த்தாளாம். "ஒரு நிமிசம் மனசு வண்டிக்குப் போயிருச்சு வாத்தியாரம்மா. சாமி அதப் பாத்துட்டாரு. அதான் புள்ளைய எடுத்துக்கிட்டாரு" என்கிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் உபவாசம். லெந்துக்கு அல்ல. பொழுது சாய்ந்தபின் ஒரு சிரட்டைக் கஞ்சி, அவ்வளவுதான். பகல் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை பால் குடிக்கிறது.

இதைத்தான் நீங்கள் பிரசங்கத்தில் சொன்னீர்கள். அழுத பெண்கள் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

லோவிசா

---

பதுளை,
1913 மார்ச் 12

பிரியமான மகளே, நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் கோபத்தை நான் கண்டிக்கவில்லை. இப்படி நேர்மையாகக் கோபப்படுகிறவர்களோடு கடவுள் மிக நெருக்கமாக இருக்கிறார். சந்தேகப்படுகிறவன்தான் உண்மையில் தேடுகிறவன். நீ இப்போது எழுதியிருப்பதே ஒரு ஜெபம்தான் மகளே, உனக்கு அது தெரியாவிட்டாலும்.

கருப்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கடவுள் கோபக்காரர் அல்ல என்று மெதுவாகச் சொல். மற்றவற்றை அவளிடம் சொல்ல வேண்டாம். விசுவாசத்தில் இன்னும் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோற்றை ஊட்ட முடியாது. ஈஸ்டருக்கு இன்னும் பதினொரு நாள்தான். லெந்து முடிந்தால் உபவாசமும் தானாக முடிந்துவிடும்.

அதிமதுரத்தால் இருமலுக்குக் குணமில்லை.

அப்பா

---

ஊசிப்பாறைத் தோட்டம்,
1913 மார்ச் 15

அப்பாவுக்கு.

என் கோபம் ஜெபம் அல்ல. கோபம். அதைக் கோபமாகவே விட்டுவைக்க உங்களால் முடியாதா?

நான் எதைச் சொன்னாலும் அதற்குள் உங்கள் கடவுளை வைத்துத் தைத்துத் திருப்பி அனுப்புகிறீர்கள். கண்டிப்பான அப்பாவாக இருந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார், நானும் ஒழிந்தேன் என்று போயிருப்பேன். உங்களிடமிருந்து போக வழியே இல்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் அதுவும் உங்கள் வீடாகவே இருக்கிறது. இவ்வளவு மென்மையான கடவுளை வையவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. கை பஞ்சுக்குள்தான் போகிறது.

ஆகையால் தெளிவாக எழுதுகிறேன். நான் நம்பவில்லை. ஜெபிக்கும்போது யாரும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை, அதற்கு முன்பும் கேட்டதில்லை. இது தேடல் அல்ல, தேடி முடித்தாயிற்று.

நீங்கள் சொன்னபடி கருப்பம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். மெதுவாகவும் சொன்னேன், சத்தமாகவும் சொன்னேன். கடவுள் பிள்ளையை எடுக்கவில்லை, தொண்டை நோய் எடுத்தது, வண்டியைப் பார்த்தது பாவமே இல்லை என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். "நீங்க சின்னப்புள்ள, என்மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்க. ஐயரு சொல்லட்டும், நான் கஞ்சி குடிக்கிறேன்" என்றாள்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேசையில் எனக்குச் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பண்டாரவளைக்கு வண்டி இருக்கிறது, அங்கிருந்து கொஸ்லந்தைக்கு ஒரு நாள் வழி. வாருங்கள். வர முடியாவிட்டால் எழுதுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன். குழந்தைக்குப் பால் போதவில்லை.

லோவிசா

---

பதுளை,
1913 மார்ச் 31

பிரியமான லோவிசாவுக்கு, ஈஸ்டர் சமாதானம்.

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். பண்டிகை வேலை, அதோடு காய்ச்சல். டாக்டர் பிரயாணம் வேண்டாம் என்கிறார்.

நீ கேட்பது சின்னக் காரியம் இல்லை. ஜெபத்துக்குப் பலன் இல்லையென்று ஞானஸ்நானம் கொடுத்த ஐயரே சொன்னார் என்று லயத்தில் ஒரு பேச்சு எழும்பினால், அது மிஷன் பங்களாவுக்கு எட்ட ஒரு வாரம் ஆகாது. பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். எனக்கும் அறுபது வயதாகிறது. போக இடம் இல்லை. அது கிடக்கட்டும், கருப்பம்மாவிடமிருந்து அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பாய்? யோசித்தாயா?

கருப்பம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். ஆறுதலாக எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டு.

அப்பா

---

ஊசிப்பாறைத் தோட்டம்,
1913 ஏப்ரல் 5

அப்பாவுக்கு.

காய்ச்சல் விட்டதா? டாக்டர் சொன்னபடி கேளுங்கள். உங்களுக்கு டாக்டர் இருக்கிறார்.

உங்கள் கடிதத்தைக் கருப்பம்மாவுக்கு வாசித்தேன். மகன் பரலோகத் தோட்டத்தில் விளையாடுகிறான், தாயின் விசுவாசத்தை அங்கிருந்து பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவள் சந்தோஷத்தில் அழுதாள். அவன் பார்க்கிறான் என்பதற்காக இன்னும் நாற்பது நாள் உபவாசம் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறாள். நீங்கள் எழுதிய ஆறுதல் இதைத்தான் செய்தது.

நேற்றுக் கொழுந்து மலையில் மயங்கி விழுந்தாள். மாடசாமி அவளைத் தூக்கிவந்து லயத்தில் போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பிள்ளைகள் முன்னாலேயே கேட்டான். "ஐயரு வீட்டுல சீக்கு வந்தா அவரு டாக்டர்கிட்டப் போவாரா, மாட்டாராங்க? அத மட்டும் சொல்லுங்க." நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட முகம் எரிகிறது.

பால் வற்றிவிட்டது. மர்ஸூக் நானா டின் பால் கொடுத்தனுப்பினார், குழந்தை அதைக் கக்கிவிடுகிறது. அதன் கை என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். பெரிய கங்காணி தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டாராம். சொல்லட்டும்.

எதை எடுத்துவிட்டு எதை வைப்பாய் என்று கேட்டீர்கள். கஞ்சியை வைப்பேன். முதலில் கஞ்சி.

இந்தக் குழந்தையும் போனால், அதைப் புதைக்கும்போது ஜெபம் சொல்ல நீங்கள்தான் வர வேண்டும். அதற்கும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

லோவிசா

---

பதுளை,
1913 ஏப்ரல் 19

லோவிசா,

இரண்டு வாரமாக இதை எழுதுகிறேன்.

உனக்குப் பதினொரு வயதில் அம்மா காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்தாள். மருந்தும் கொடுத்தோம். அந்த ஒன்பது நாளும் நான் ஜெபித்தேன். நம் மேசை ஜெபம் அல்ல, லயத்து ஜெபம். தரையில் விழுந்து, இவளைக் கொடு, வேறெதையும் கேட்கமாட்டேன் என்று கேட்டேன். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கேட்டது கிடைத்தது என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஜெபம் வானத்தைத் திருப்பாது, மனதைத்தான் திருப்பும் என்று. அது படிப்பால் வந்த ஞானம் என்று நீ நினைத்தாய். நீ அப்படியே நினைத்துக்கொள் என்று நானும் விட்டுவிட்டேன். கேட்டுக் கிடைக்காதவன் தனக்கென்று கட்டிக்கொண்ட சமாதானம் அது. என் மனதையும் அது திருப்பவில்லை.

பன்னிரண்டு வருஷமாக நான் எதையும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருப்பதை வாசிக்கிறேன். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். தாயத்தைக் கத்தரிக்கும்போது, என்னிடம் இல்லாதது இவளிடமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது வேறொருவர் பிள்ளையை வைத்து ஆடிய ஆட்டம் என்று இப்போது தெரிகிறது.

அவள் வண்டியைப் பார்த்தது பாவம் இல்லை. வண்டியில் ஏறியிருக்க வேண்டும். இதை அவளுக்குச் சொல். என் பெயரைச் சொல்லாமல் எப்படியாவது சொல். வாசித்ததும் இதை எரித்துவிடு.

அப்பா

---

ஊசிப்பாறைத் தோட்டம்,
1913 ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு லோவிசா எழுதுவது.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன். அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு அழுதேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இந்த ஒரு கடிதத்தில்தான் நீங்கள் என்னோடு பேசியிருக்கிறீர்கள்.

கடிதத்தை எரிக்கவில்லை. வியாழக்கிழமை வேலை விட்டதும் கருப்பம்மாவின் லயத்துக் காம்பராவுக்குப் போனேன். மாடசாமியும் இருந்தான். உங்கள் கடிதம் என்று சொல்லியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அம்மாவைப் பற்றி வந்த இடத்தில் அவள் உச்சுக்கொட்டினாள். தாயத்தைப் பற்றி வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசித்து முடித்தபின் கேட்டாள்.

"அப்ப ஐயருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்கு?"

உங்களுக்கும் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் நேரே பள்ளிக்கூடத்துக்குள் போய்விடவில்லை. வாசலில் நின்றேன். வண்டி காலியாகப் போவதைப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் லயத்துப் பெண்கள் எல்லாரும் என்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூப்பிட்டால் என் ஜெபத்தை நானே நம்பவில்லை என்று தெரிந்துவிடும். அதற்காகச் சும்மா இருந்தேன். இதை அவளிடம் சொன்னேன்.

அவள் எழுந்து வந்து என் முகத்தில் காறித் துப்பினாள். "எம் புள்ளைய நீங்கதான்டி கொன்னீங்க, அப்பனும் மகளும்" என்று லயமே கேட்கக் கத்தினாள். மாடசாமி தடுக்க வந்தான், நான் வேண்டாம் என்றேன். இருட்டும் வரை என்னையும் உங்களையும் வைதாள். நம் பரம்பரையில் ஒருவரையும் விடவில்லை. மூன்று மாதமாகத் தன்னை வைதவள், முதல் தரமாக வைய வேண்டியவர்களை வைதாள். நான் துடைத்துக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்து, என் கண்முன்னாலேயே, நீயும் சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். இன்று காலைவரை அவள் அடுப்பு அணையவில்லை. பால் வருமா என்று தெரியாது, வரும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். குழந்தை டின் பாலைக் கக்காமல் கொஞ்சம் குடிக்கிறது.

துரை என்னை மாதக் கடைசியில் போகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தை மூடவில்லை, வேறு ஆள் வருகிறாராம். நான் பதுளைக்கு வரமாட்டேன். எங்கே போவது என்று பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் வந்தே ஆக வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்து வைய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறாள். அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் நிற்கமாட்டேன். வரும்போது ஞானஸ்நான ரிஜிஸ்டரைக் கொண்டு வாருங்கள். தன் பெயரையும் மாரிசாமியின் பெயரையும் நீங்கள் அடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அது முடிந்ததும் பின்னால் புரட்டி, இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தின பக்கத்தை எடுங்கள். என் பெயரும் அங்கே உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மகள்
லோவிசா